விளக்கு எரிகிறது, இணையம் வரவில்லை!

வீட்டிலுள்ள மோடம் பழுதாகிவிடுகிறது. இடி மின்னலோ, ஏறி இறங்கும் மின்னழுத்தமோ, நீண்ட நாள் உழைப்போ அதற்குக் காரணமாக இருக்கலாம். புதியது ஒன்றை வாங்கி வந்து, பழையதிலிருந்த கம்பிகளைப் பிடுங்கி அதில் செருகுகிறோம். விளக்குகள் எரிகின்றன, இணையம் மட்டும் வரவில்லை. வீட்டில் ஒருவருக்குத் தேர்வு விண்ணப்பம் அனுப்ப அன்றே கடைசி நாளாக இருக்கும். பதற்றத்தில் எல்லாக் கம்பிகளையும் மீண்டும் பிடுங்கிச் செருகுகிறோம். அதிலும் பயனில்லை எனில், மோடத்தின் பின்புறத்துச் சிறு துளையில் குண்டூசியை விட்டு அழுத்துகிறோம். ஒரு மணி நேரத்தில் தீரக்கூடிய சிக்கல், இக்கடைசிச் செயலால் மூன்று நாள் சிக்கலாகிவிடுவதுண்டு.

இதைத் தவிர்க்க மின்னணுவியல் பட்டம் தேவையில்லை. பள்ளியில் படித்த இயற்பியலும் சற்றுப் பொறுமையும் போதும். இணைய இணைப்பு என்பது ஒரே பொருளன்று. அது பல கண்ணிகள் கொண்ட சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்துள்ளது என்று கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் காணும் வழியை இங்குப் பார்ப்போம்.

மோடம் என்ன செய்கிறது?

செய்தியை ஓர் அலையின் மீது ஏற்றுவதைப் பண்பேற்றம் என்றும், அலையிலிருந்து செய்தியைப் பிரித்தெடுப்பதைப் பண்பிறக்கம் என்றும் பாடநூலில் படித்திருப்பீர்கள். இவ்விரண்டையும் செய்யும் கருவியே மோடம். 1995 ஆகஸ்டு 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியபோது, மோடம் தொலைபேசிக் கம்பியில் இயங்கியது. மனிதக் குரலுக்கென ஒதுக்கப்பட்ட 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய அதிர்வெண் இடைவெளிக்குள் அது கணிப்பொறியின் செய்தியைத் திணித்து அனுப்பியது. பிறகு வந்த அகலப்பட்டை மோடம்கள் அதே செம்புக் கம்பியில், குரலுக்கு மேலுள்ள அதிர்வெண்களைப் பயன்படுத்தின.

இன்று பல வீடுகளுக்குச் செம்புக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வந்துவிட்டது. அதன் முனையில் உள்ள கருவி ஒளியைப் பெற்று மின்துடிப்பாக மாற்றுகிறது. நம் செய்தியை ஒளியாக்கித் திருப்பி அனுப்புகிறது. இதற்குத் துறையில் வேறு பெயர் இருப்பினும், மக்கள் வழக்கில் இதுவும் மோடம்தான். இக்கட்டுரையில் இவ்வகையையே எடுத்துக்கொள்வோம்.

இச்சங்கிலியில் ஐந்து கண்ணிகள் உள்ளன. அவை: மின்சாரம், ஒளி, அடையாளம், முகவரி, வைஃபை. முதற்கண்ணி சரியாக இருந்தால்தான் இரண்டாவது வேலை செய்யும். இரண்டாவது சரியாக இருந்தால்தான் மூன்றாவது. மற்றவையும் அவ்வாறே.

எங்கிருந்து தொடங்குவது?

நீளமான ஒரு கம்பியில் எங்கோ முறிவு ஏற்பட்டிருந்தால், அதைத் தேடும் மின்பணியாளர் ஒரு முனையிலிருந்து அங்குலம் அங்குலமாகச் சோதிப்பதில்லை. நடுவில் சோதிக்கிறார். அங்கு மின்சாரம் இருந்தால் முறிவு அதற்கு அப்பால், இல்லையென்றால் இப்பால். ஒரே சோதனையில் பாதி தூரம் கழிந்துவிடுகிறது.

நம் சங்கிலியின் நடுப்பகுதி மோடமே. ஒரு கணிப்பொறியை லேன் கேபிளால் மோடத்துடன் நேராக இணையுங்கள். இணையம் வந்துவிட்டால், முதல் நான்கு கண்ணிகளும் நலமாக உள்ளன; குறை வைஃபையில்தான். வராவிட்டால், குறை முதல் நான்கில் இருக்கக்கூடும்.

கேபிள் இணைக்கும் கணிப்பொறி இல்லாதவர்கள் செல்பேசியை மோடத்திற்கு ஒரு மீட்டர் தொலைவில் வைத்து, அதன் வைஃபையில் இணையுங்கள். மோடத்தின் அடிப்புறச் சீட்டில் 192.168.1.1 போன்ற ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைச் செல்பேசியின் உலாவியில் தட்டுங்கள். மோடத்தின் பக்கம் திறந்தால், செல்பேசிக்கும் மோடத்திற்கும் இடையே குறை இல்லை. குறை மோடத்திலோ அதற்கு அப்பாலோ உள்ளது. இனி ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்போம்.

முதற்கண்ணி: மின்சாரம்

"விளக்கு எரிகிறதே, மின்சாரத்தில் என்ன குறை இருக்க முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். புதிய மோடத்துடன் வந்த அடாப்டரைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, ஏற்கெனவே சுவரில் செருகியிருந்த பழையதையே பயன்படுத்துவோர் உண்டு. பழையது 12 வோல்ட், 0.5 ஆம்பியர் என்றும், புதியதற்குத் தேவை 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றும் கொள்வோம். விளக்குகளை எரியவைக்க மிகச் சிறிய மின்னோட்டம் போதும். ஆனால் மோடம் முழு அளவில் வேலை செய்யத் தொடங்கியதும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும், அடாப்டரால் அதைத் தர இயலாது, மின்னழுத்தம் சரியும், மோடம் அணைந்து மீண்டும் தொடங்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லா விளக்குகளும் அணைந்து எரிந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள்.

விதி எளியது. மின்னழுத்தம் சமமாக இருக்க வேண்டும். நேர்முனை, எதிர்முனை அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். கருவி தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆனால் 9 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால், புதிய மோடமும் பழையதன் வழியே போய்விடக்கூடும்.

இரண்டாம் கண்ணி: ஒளி

மோடத்தின் முகப்பில் எல்.ஓ.எஸ். என்ற எழுத்துகளுக்கு அருகே ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். ஒளிச்சைகை வரவில்லை என்பது அதன் பொருள். அது எரியாமல் இருப்பதே நலம். எரிந்தாலோ சிமிட்டினாலோ, கடவுச்சொல்லை மாற்றுவதிலும் வைஃபையைத் திருத்துவதிலும் பயனில்லை. இழையைக் கவனிக்க வேண்டும்.

இந்த இழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர் விட்டம் உடையது. நம் தலைமயிரை விடப் பலமடங்கு மெல்லியது. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள உறையின் எண்ணைவிடச் சற்றே அதிகம். ஆகவே முழு அக எதிரொளிப்பால் ஒளி உள்ளேயே சிறைப்பட்டு ஓடுகிறது. இழையைக் கூர்மையாக மடித்தால் இந்நிலை குலைந்து, வளைவில் ஒளி கசிந்துவிடும். புதிய மோடத்தை வேறிடத்தில் மாட்டும்போது இழையை மேசையின் விளிம்பில் மடிப்பதும், ஆணியில் இறுகச் சுற்றுவதும் வழக்கமாக நேரும் தவறுகள். சாதாரண இழையை 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்காதிருப்பது நல்லது.

இழையின் முனையிலுள்ள செருகியின் நிறத்தையும் பாருங்கள். பச்சைச் செருகியின் கண்ணாடி முகம் 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும்; எதிரொளித்த ஒளி உள்ளகத்தின் வழியே திரும்பிச் செல்லாதிருக்கவே இச்சாய்வு. நீலச் செருகிக்குச் சாய்வு இல்லை. பச்சையை நீலத் துளையில் செருகினால், இரு முகங்களும் ஒன்றோடொன்று படியாமல் இடையே காற்று நிற்கும்; ஒளியின் பெரும்பகுதி இழக்கப்படும். பழைய மோடத்தின் துளை ஒரு நிறமாகவும் புதியதன் துளை வேறு நிறமாகவும் இருந்தால், அதற்கேற்ற இணைப்பு இழையைக் கேட்டு வாங்க வேண்டும். செருகியின் முகத்தை விரலால் தொடவும் கூடாது. 9 மைக்ரோமீட்டர் வழியை அடைக்க ஒரு தூசு போதுமல்லவா?

ஓர் எச்சரிக்கை. இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுசென்று "ஒளி வருகிறதா?" என்று பார்க்காதீர்கள். வீட்டிற்கு வரும் ஒளியின் அலைநீளம் பொதுவாக 1490 நானோமீட்டர். நம் மோடம் அனுப்புவது 1310 நானோமீட்டர். இரண்டும் அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாது. தெரியாததாலேயே அது இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ஒளி போதுமா என்பதை அளந்தே அறியலாம். மோடத்தின் பக்கத்தில் பெறப்படும் ஒளித்திறன் என்ற ஓர் எண் இருக்கும். அதன் அலகு டி.பி.எம். ஒரு மில்லிவாட் திறன் என்பது 0 டி.பி.எம். ஒவ்வொரு 10 குறையும்போதும் திறன் பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே -20 என்றால் மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. பரவலாக உள்ள மோடம்கள் ஏறக்குறைய -8 முதல் -27 வரை ஏற்கும். -27 என்பது மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கே. அதற்கும் கீழே போனால் இணைப்பு விட்டுவிட்டு வரும். இவ்வெண்ணைக் குறித்து வையுங்கள், பின்னர் உதவும்.

மூன்றாம் கண்ணி: அடையாளம்

ஒளி வருகிறது, சிவப்பு விளக்கு இல்லை. ஆனால் பி.ஓ.என். என்ற பச்சை விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. மோடம் மாற்றியவர்களைப் பெரிதும் திகைக்கவைக்கும் நிலை இதுவே. இதைப் புரிந்துகொள்ள, இழை உங்கள் வீட்டிற்கு மட்டும் வருவதில்லை என்பதை அறிய வேண்டும்.

இணைப்பகத்திலிருந்து புறப்படும் ஒரே இழையின் ஒளியைத் தெருவிலுள்ள ஒரு சிறு பிரிப்பான் 32 வீடுகளுக்குக்கூடப் பங்கிடுகிறது. அதற்கு மின்சாரமே தேவையில்லை. எல்லோருக்குமான செய்தியும் எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்கிறது. ஒவ்வொரு மோடமும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வீடுகளிலிருந்து திரும்பும்போது நிலைமை வேறு. எல்லோரும் ஒரே இழையில் ஒரே சமயத்தில் ஒளி அனுப்பினால் செய்திகள் ஒன்றோடொன்று மோதிவிடும். எனவே ஒவ்வொரு மோடத்திற்கும் இணைப்பகம் ஒரு முறை ஒதுக்கித் தருகிறது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடியில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதாவது 1 கிலோமீட்டர் கடக்க 5 மைக்ரோவினாடி. இணைப்பகத்திலிருந்து 1 கிலோமீட்டரில் உள்ள வீட்டின் ஒளியும் 5 கிலோமீட்டரில் உள்ள வீட்டின் ஒளியும் வந்து சேர்வதில் 20 மைக்ரோவினாடி வேறுபாடு இருக்கும். ஆகவே இணைப்பகம் ஒவ்வொரு மோடத்தின் தொலைவையும் அளந்து, "நீ இத்தனை மைக்ரோவினாடி பொறுத்துப் பேசு" என்று கட்டளையிடுகிறது.

இந்த ஒழுங்கில் பெயர் தெரியாத ஒரு புதிய கருவியைப் பேசவிட முடியுமா? முடியாது. ஒவ்வொரு மோடத்திற்கும் தனி வரிசை எண் உண்டு. அது நிறுவனத்தின் ஏட்டில் பதியப்பட்டிருக்க வேண்டும். பழைய மோடத்தின் எண்ணே அங்கு இருக்கும்வரை, புதியது கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அதுவே அந்தச் சிமிட்டல். இந்நிலையில் வீட்டிற்குள் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மோடத்தின் அடிப்புறச் சீட்டிலுள்ள வரிசை எண்ணை நிறுவனத்திடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

பி.ஓ.என். விளக்கு நிலையாக எரிந்தும் இணைய விளக்கு சிவப்பாக உள்ளதா? அப்படியானால் அடையாளத்தின் அடுத்த படி முடியவில்லை. பல நிறுவனங்கள் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருகின்றன. அவை மோடத்திற்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். இது வைஃபை கடவுச்சொல் அன்று, வேறு. இதனுடன் விலேன் எண் என்ற ஒன்றும் சேர்ந்திருக்கும். பழைய மோடத்தில் இருந்த இவை தாமாகப் புதியதற்கு வந்துவிடுவதில்லை.

நான்காம் கண்ணி: முகவரி

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி தேவை. வீட்டிற்குள் உள்ள கருவிகளுக்கு மோடம் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளைப் பங்கிட்டுத் தருகிறது. உங்கள் கணிப்பொறியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி தருவார் யாருமின்றி அது தானே ஒன்றை வைத்துக்கொண்டுள்ளது என்று பொருள். கேபிளையும் மோடத்தின் அமைப்பையும் சோதிக்க வேண்டும்.

பழைய மோடத்துடன் தனியாக ஒரு ரூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இங்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. புதிய மோடம்கள் பலவற்றில் ரூட்டர் உள்ளேயே அமைந்துள்ளது. இரண்டும் தம்மை 192.168.1.1 என்று அழைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒரே தெருவில் இரு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதே குழப்பம்தான். பழைய ரூட்டரின் முகவரியை 192.168.2.1 என மாற்றினால் குழப்பம் தீரும்.

சில சமயம் மோடத்தின் விளக்குகள் எல்லாம் சரியாக இருந்தும் எந்த இணையதளமும் திறக்காது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்ற அமைப்பு 1983-இல் உருவானது. அதைத் தொலைபேசி விவரப் புத்தகம் எனலாம். அது கிடைக்காவிட்டால் தொலைபேசி நலமாக இருந்தும் எண் தெரியாத நிலைதான். கணிப்பொறியில் பிங் என்ற கட்டளையால் 8.8.8.8 என்ற எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். பதில் வந்து, பெயரிட்ட தளம் மட்டும் திறக்கவில்லையெனில் குறை டி.என்.எஸ். அமைப்பில் உள்ளது.

ஐந்தாம் கண்ணி: வைஃபை

கேபிளில் இணையம் வருகிறது, செல்பேசியில் வரவில்லை. புதிய மோடத்திற்குப் புதிய வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். வீட்டிலுள்ள தொலைக்காட்சி, செல்பேசி, அச்சுப்பொறி யாவும் இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். இதற்கு எளிய வழி உண்டு. பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் புதிய மோடத்திற்கு வையுங்கள். பெரும்பாலான கருவிகள் தாமே வந்து சேர்ந்துவிடும்.

பழைய செல்பேசி மட்டும் சேரவில்லையா? இரு காரணங்கள் இருக்கலாம். மோடம் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அதிர்வெண்களில் பேசுகிறது. பழைய கருவிகள் சில முதலாவதை மட்டுமே கேட்கும். அன்றி, மோடத்தின் பாதுகாப்பு முறை 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.-3 ஆக மட்டும் இருந்தால், அதை அறியாத கருவிகள் வெளியே நிற்கும். 2-உம் 3-உம் கலந்த முறையைத் தேர்ந்தால் போதும்.

5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டர், 2.4-இன் நீளம் 12.5 சென்டிமீட்டர். முன்னது விரைவானது, ஆனால் செங்கற்சுவரில் விரைவில் வலுவிழக்கும். பின்னது தொலைவு செல்லும். எதுவாயினும் இரும்புப் பீரோவுக்குப் பின்னால் மோடத்தை வைத்தால் இரண்டும் தோற்கும்.

கேபிளில் இணையம் வந்தும் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள். அதனுள் 8 கம்பிகள் உள்ளன. 100 மெகாபிட்டுக்கு 4 போதும். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அந்த 4 கம்பிகள் நலமாக இருந்து, மற்றவற்றில் ஒன்று முறிந்தால் பொதுவாக இணைப்பு நிற்காது. வேகம் மட்டும் இறங்கிவிடும்.

குண்டூசிக்கு வேலை எப்போது?

இப்போது அந்தச் சிறு துளைக்கு வருவோம். மோடத்தை அணைத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குவது வேறு. துளையில் ஊசியை விட்டு அழுத்துவது வேறு. முன்னதால் தீங்கில்லை. பின்னது மோடத்தில் எழுதியுள்ள பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் ஆகிய அனைத்தையும் அழித்துவிடக்கூடும். வேலையாள் வந்து மீண்டும் எழுதும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவ்விவரங்கள் உங்கள் குறிப்பேட்டில் இருந்தாலன்றி அத்துளையைத் தொடாதீர்கள். ஆனால் பழைய மோடத்தைக் கழித்துக்கட்டும் முன், அது உயிருடன் இருந்தால், ஊசியால் அழுத்துவது நன்று. உங்கள் இரகசியங்கள் பழைய சாமான் கடைக்குச் செல்லாமலிருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் நாம் பின்பற்றும் விதி ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைக் குறித்து வை. மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. இவ்விதி வீட்டு மோடத்திற்கும் பொருந்தும்.

நிறுவனத்திற்குத் தொலைபேசியில் பேசும்போதும் இது பயன்படும். "நெட் வரவில்லை" என்றால், "அணைத்துப் போடுங்கள்" என்ற பதிலே வரும். "எல்.ஓ.எஸ். விளக்கு எரியவில்லை, பி.ஓ.என். சிமிட்டுகிறது, ஒளித்திறன் -21, புதிய மோடத்தின் வரிசை எண் இது" என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் எதைப் பதிய வேண்டும் என்று உடனே அறிந்துகொள்வார். வீட்டிற்கு வேலையாள் வர வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். அன்று மாலைக்குள் விண்ணப்பமும் போய்ச் சேரும்.